சேர்மக்கனியைக் கொடுத்து லூர்துமேரியை எடுத்த கதை

சேர்மக்கனி இடது மூலைக்குப் போட்ட பாஸை, ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் பம்பாயில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாள் வந்து பிடித்து, பிடித்த கையோடு ரிங்குக்குள் போட்டுவிட்டு, பந்து கையை விட்ட மாத்திரத்தில் இருந்த இடம் தெரியாமல் போன அன்றைக்கு, ஊசிமேட்டு ஜனங்கள் முதலில் கேட்ட கேள்வி அந்த மூன்று பாயின்ட் செல்லுமா செல்லாதா என்பதுதான். இசக்கியம்மாள் நாலு வருஷத்துக்கு முந்தி வரைக்கும் வீரவேல் பெண்கள் கூடைப்பந்து அணியில் அதே இடது மூலையில் நின்று ஆடினவள், கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போனவள். அவள் நைட்டியோடும் முழங்கை வரை கோதுமை மாவோடும் வந்து நின்றதை எண்ணூறு பேர் பார்த்தார்கள். ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடியே கொஞ்ச நேரம் யோசித்து, நைட்டியில் நம்பர் இல்லை, ஆகையால் பாயின்ட் செல்லாது, ஆறாவது ஆள் கோர்ட்டுக்குள் வந்ததற்கு டெக்னிக்கல் பவுல் வேறு, என்று தீர்ப்புச் சொன்னார். நம்பர் குத்தியிருந்தால் செல்லுமா என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டதற்கு, குத்தியிருந்தால் யோசிக்கலாம் என்றார். மறுநாள் காலையில் பம்பாய்க்குப் போன் போட்டு விசாரித்தபோது இசக்கியம்மாள், "ஆமா, வந்தேன், அடிச்சேன். இங்க சப்பாத்தி கருகிப் போச்சு, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?" என்று சண்டைக்கு வந்தாளே தவிர ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஊர் அப்படித்தான். வானத்திலிருந்து ஒன்று விழுந்தால் அது என்ன என்று கேட்காது, யார் நிலத்தில் விழுந்தது என்று கேட்கும். பத்து நாளைக்குள் எல்லோருக்கும் அதன் சட்டதிட்டம் பிடிபட்டுவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவளின் மகளும், வீரவேல் அணியின் பாயின்ட் கார்டுமான பத்தொன்பது வயசுச் சேர்மக்கனி, ஒருத்தரை மனசில் நினைத்து ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பந்தைப் போட்டால், அவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அவர் முன்னால் பந்து வரும். முதலில் காற்று வரும், பிறகு பந்து வரும். கையை நீட்டிப் பிடித்தால் சேர்மக்கனி முன்னால் கோர்ட்டில் நிற்பார், பந்து கையில் இருக்கிற மட்டும் நிற்பார், விட்டால் வந்த இடத்துக்கே போய்விடுவார். கையை நீட்டாவிட்டால் ஒன்றும் இல்லை. இங்கே பந்து வெறும் தரையில் விழுந்து ரெண்டு தரம் எம்பி, உருண்டுபோய் வேலியோரம் கிடக்கும்.

முதலில் வந்து கேட்டவள் குருவம்மா. பிராக்டிஸ் முடிந்து பிள்ளைகள் ஷூவைக் கழற்றுகிற நேரத்தில், கையில் ஒரு தூக்குச்சட்டியும் இடுப்பில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுமாக வந்து, "ஏ கனி, எம் புள்ளைக்கு ஒரு பாஸ் போடுத்தா" என்றாள். அவள் மகன் பேச்சிமுத்து குவைத்தில் வெல்டர், மூன்று வருஷமாக லீவு கிடைக்காதவன். மஞ்சள் ஹெல்மெட்டும் புழுதியுமாக வந்து நின்றான். ரெண்டு கையிலும் பந்து இருந்ததால் அம்மாவைக் கட்டிப்பிடிக்க முடியவில்லை, கண்ணைத் துடைக்க முடியவில்லை, தூக்குச்சட்டியைத் திறக்கவும் முடியவில்லை. குருவம்மாதான் ஊட்ட வேண்டியிருந்தது. முப்பத்தொரு வயசு மீசைக்காரன் சாளை மீன் குழம்புச் சோற்றை வாய்வாயாக வாங்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழ, "மென்னு தின்னுலே, விக்கிரும்" என்று அவள் அதட்டிக்கொண்டே ஊட்டினாள். சுற்றி நின்ற பதினோரு பெண்பிள்ளைகளும் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? அஞ்சரை மணி ஆனால் ஊசிமேட்டுத் தாய்மார்கள் தூக்குச்சட்டியோடு கோர்ட்டைச் சுற்றி வரிசை கட்டினார்கள், வீரவேல் கழகம் டோக்கன் கொடுத்தது, ஒரு ஆளுக்கு ஏழு நிமிஷம் என்று வைத்தது, ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் குழம்பு சிந்தக்கூடாது, எறும்பு வருகிறது, என்று போர்டு எழுதி மாட்டியது. அந்தப் பக்கம் துபாயிலும் தம்மாமிலும் சிங்கப்பூரிலும் ஊசிமேட்டுப் பையன்கள் வேலைக்கு நடுவில் கையைக் கழுவிக்கொண்டு, எந்த நிமிஷம் காற்று வருமோ என்று வெறும் வெளியைப் பார்த்து நின்றார்கள். சூபர்வைசர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு வேறு ஊர்க்காரர்களும் அதே மாதிரி நிற்கப் பழகிவிட்டதால் விட்டுவிட்டார்கள். ஒரு தடவை ஒரு பையனைக் கூப்பிட, அவன் சோப்பு நுரையோடு துண்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கும் அப்படியே ஊட்டித்தான் அனுப்பினார்கள்.

இத்தனையையும் டோக்கன் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தவர் கழகத்துச் செயலாளர் கோமதிநாயகம் அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர், ஐம்பத்தெட்டு வயசு, ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு ஆடினவர், எட்டாம் நம்பர் பனியன் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஊரில் எவன் வந்தாலும் போனாலும் ஒரு வார்த்தை கேட்கிறவர், டோக்கன் கொடுக்கிறபோது மட்டும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். காரணம் ஊருக்கே தெரியும். அவருடைய ஒரே மகள் ஆவுடை, ஆறு வருஷத்துக்கு முந்தி, நல்லமங்கலத்து ஜெயசீலனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜெயசீலன் வளர்பிறைக் கழகத்துக்காரன், வீரவேலுக்குப் பரம எதிரி, அதனால்தான் சம்மதிக்கவில்லை என்று அண்ணாச்சி சொல்லுவார். சம்மதிக்காததற்கு வேறு காரணம் இருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்த காரணம் என்பதால் யாரும் வாயால் சொல்லுவதில்லை.

நல்லமங்கலம் குவைத்தும் இல்லை, சிங்கப்பூரும் இல்லை. ஊசிமேட்டிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் ஒண்ணேகால் மணி நேரம். அண்ணாச்சியின் சம்சாரம் பகவதி மாசாமாசம் பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லி, ஒரு சம்படம் நிறைய முறுக்கும் சீடையும் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். எந்தச் சாமி முறுக்கு தின்கிறது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. திரும்பி வந்தவள் சோறு போடும்போது, சுவரைப் பார்த்து, "இப்ப வலது பக்கத்துக் கடவாப்பல்லு வலி இல்லையாம்" என்பாள். அவரும் சுவரைப் பார்த்து, "ம்" என்பார். இப்படி ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அந்தப் பாஸ் வந்த பிறகு அந்த மனுஷனுக்கு நிம்மதி போயிற்று. ஏனென்றால் எல்லாருடைய பந்தையும் எல்லாரும் பிடிக்கவில்லை. தங்கப்பழம் வாத்தியாரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மூன்று நாள் வரிசையில் நின்று மூன்று தடவை பந்து போடச் சொன்னார். மூன்று தடவையும் பந்து வெறும் தரையில் விழுந்தது. டொப், டொப் என்று அந்தச் சத்தம் கோர்ட்டு முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், மழை வருமா என்று பேசினார்கள். "அங்க இப்போ விடியக்காலம். தூங்கிட்டிருப்பான்" என்று வாத்தியார் சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கோர்ட்டு இருக்கிற தெருவிலேயே நடப்பதில்லை, ரேஷன் கடைக்குச் சுற்றிக்கொண்டு போகிறார். அண்ணாச்சிக்கு அந்த டொப், டொப் காதிலேயே நின்றுவிட்டது. தான் கேட்டு, ஆவுடை கையை நீட்டாமல் இருந்துவிட்டால்? ஊரே வானத்தைப் பார்க்குமே! கேட்காமல் இருக்கிற மட்டும் மகள் வருவாள் என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

இதற்கு நடுவில் வீரவேல் அணி வரிசையாக ஏழு மேட்ச் தோற்றது.

எப்படித் தோற்காமல் இருக்கும்? சேர்மக்கனி பத்துப் பாஸ் போட்டால் அதில் நாலு, ஊரில் இல்லாதவர்களுக்குப் போயிற்று. ஃபாஸ்ட் பிரேக்கில் ரெண்டு பேர் கையை விரித்துக்கொண்டு ஓட, இந்தப் பிள்ளை நடுவில் பார்த்துப் போடும்; அங்கே யாரோ ஒரு கொத்தனார் சிமெண்டுக் கரண்டியோடு வந்து பந்தைப் பிடித்து நிற்பார்; விசில், டெக்னிக்கல் பவுல், எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. கோச் ஆசீர் மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டில் இருப்பவர்களையும் அணியில் பதிந்துகொள்ள முடியுமா என்று அவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுத, விண்ணப்பதாரர்கள் தலா மூன்று புகைப்படத்துடன் நேரில் வரவும் என்று பதில் வந்தது.

அப்போதுதான் நல்லமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. மே மாசத்து டோர்னமெண்டுக்கு அஞ்சு வாரம் இருந்தது. வளர்பிறையில் லூர்துமேரி என்று ஒரு சென்டர், ஆறடி ஓர் அங்குலம், போர்டுக்குக் கீழே நின்றால் பந்து அவளைக் கேட்டுக்கொண்டுதான் கீழே வரும்; அவளைத் தருகிறோம், சேர்மக்கனியைக் கொடுங்கள், என்றார்கள். அவர்களுக்குக் கோப்பை ரெண்டாம் பட்சம். அந்த ஊரிலும் வீட்டுக்கு ஒருத்தன் கடல் தாண்டியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கழகக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். கமிட்டியில் பத்துப் பேர், செயலாளர் பதினோராவது. கமிட்டிக்காரர்களைத் தவிர யாரும் வரக்கூடாது என்று சொன்னதால் ஊரே வந்திருந்தது.

"கோப்பையைப் பாத்து ஒம்பது வருசம் ஆச்சுவே" என்றார் ஒருத்தர். "நம்ம கழகம் எதுக்கு ஆரம்பிச்சது? பந்து விளையாடவா, சோறு ஊட்டவா?"

"கோப்பையில சோறு தின்ன முடியுமா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து குருவம்மா கேட்டாள்.

"யக்கா, நீங்க கமிட்டியில இல்ல."

"கமிட்டியில இருக்கவன் எவனையாவது நான் பெத்திருந்தா கேப்பேன். நான் பெத்தவன் குவைத்துல இருக்கான்."

ஆசீர் மாஸ்டர் எழுந்து நின்றார். முப்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு பாஸைத் தான் பார்த்ததில்லை என்றார். வேகம் சரி, உயரம் சரி, வந்து விழுகிற இடம் அட்சர சுத்தம், பிடிக்கிற ஆள் அணியில் இல்லை என்பது ஒன்றுதான் குறை என்றார். அப்படியானால் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "கோச்சுன்னா குடுக்கணும்பேன், மனுசன்னா வச்சிக்கிடணும்பேன். இன்னிக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டிய?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வெளிநாட்டில் யாரும் இல்லாத ஒருத்தர், தன் வீட்டுக்காரி தினம் டோக்கன் வாங்கித் திருப்பூரிலிருந்து தன் மாமியாரை வரவழைக்கிறாள், இதற்கு ஒரு முடிவு கட்டியே ஆகவேண்டும் என்று கும்பிட்டார்.

ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் சேர்மக்கனியைக் கேட்கலாமே என்று யாருக்கோ தோன்றியது. வாசலில்தான் நின்றாள். "ஏன் பிள்ளே, டீமுல ஆளு நிக்கும்போது இல்லாத ஆளுக்குப் பந்து போடுதியே, ஏன்?" என்று அண்ணாச்சியே கேட்டார்.

"இல்லாத ஆளுக்கு நான் போடல மாமா. நான் பாக்கும்போது அந்த எடத்துல ஆளு நிக்கி. கையை நீட்டிக்கிட்டே நிக்கி. உங்களுக்குத் தெரியலன்னா நான் என்ன செய்ய?" என்றாள் சேர்மக்கனி. கொஞ்சம் தயங்கி, "நல்லமங்கலத்துல மரத்தரை. இங்க சிமெண்டுல ஆடி ஆடி முட்டு வலிக்கி" என்றும் சொன்னாள். அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கையைத் தூக்கச் சொன்னார்கள். அஞ்சுக்கு அஞ்சு. செயலாளர் ஓட்டுப் போட வேண்டும். ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்.

பகவதி சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள், அப்பளத்தை வைத்தாள். அன்றைக்குச் சுவரைப் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளைய அனுப்பிட்டா நீங்க கேக்க வேண்டாம்னு பாக்கிய. அதானே?"

"கழகத்து விசயத்துல பொம்பளைக்கு என்ன பேச்சு?"

"பொம்பளை டீமு" என்றாள் பகவதி. "ஒரே ஒரு நாளு கேட்டுப் பாருங்களேன். வந்தா வாரா. வரலன்னா ரெண்டு பேருமா வீட்டுக்கு வந்து அழுதுக்கிடுவோம்."

அண்ணாச்சி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை. அவர் பயந்தார், அதுதான் உண்மை. மாவட்டத்துக்கு ஆடின காலத்தில் ஆறரையடி ஆளையும் நெஞ்சோடு நெஞ்சு மோதினவர், ஒரு பந்து தரையில் விழுகிற சத்தத்துக்குப் பயந்தார். மறுநாள் காலையில் போய், அணியின் நலன் கருதி, என்று ஆரம்பித்துக் கொடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

கொடுப்பது என்று முடிவாகிவிட்டது, எப்படிக் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆளைக் கொடுத்து ஆளை வாங்குகிற வழக்கம் இதற்கு முன்னால் ரெண்டு கழகத்திலும் இல்லை. சும்மா வேனில் ஏற்றி அனுப்புவதற்கு அவள் என்ன சிமெண்டு மூட்டையா? அப்போது கமிட்டியில் ஒருத்தர், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறதுதானே, நம்ம ஊரில் இல்லாத வழக்கமா, மாற்றுக் கல்யாணத்துக்கு என்ன முறையோ அதைச் செய்துவிடலாம் என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒரு தொந்தரவு என்னவென்றால், முறை என்று வந்துவிட்டால் முறையில் ஒன்றையும் விட மனசு வராது. ஜாதகம் பார்த்தார்கள், சேர்மக்கனியின் நட்சத்திரத்துக்கும் வளர்பிறைக் கழகம் தொடங்கின தேதிக்கும் எட்டுப் பொருத்தம் இருந்தது. எந்த ஊர் முதலில் வந்து கேட்பது என்று ஒரு வாரம் சண்டை நடந்து, ஆள் அனுப்பிக் கேட்டவன்தான் முதலில் வரவேண்டும் என்று தீர்ந்தது. இருபத்தொரு தாம்பாளம், எல்லாம் அண்ணாச்சி கடையிலிருந்து. பழம், பூ, வெற்றிலை, கல்கண்டு, ஒரு தட்டில் புது ஷூ, ஒரு தட்டில் முட்டுக்குக் கட்டுகிற பட்டை. பெண் வீட்டு ஸ்தானத்தில் செயலாளர்தான் நிற்க வேண்டும் என்றும் முறை சொல்லிற்று. சேர்மக்கனிக்கு அப்பா இல்லை.

கோர்ட்டில் பந்தல் போட்டு மேளம் வைத்திருந்தது. நல்லமங்கலத்து வேன் வந்து நின்றது. லூர்துமேரி குனிந்து இறங்கினாள், அதற்குப் பின்னால் வளர்பிறைக் கழகத்துச் செயலாளர் இறங்கினார். அந்தப் பதவிக்குப் போன மாசம்தான் ஆள் மாறியிருந்தது. ஜெயசீலன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய வேர்வையோடு, தாம்பாளத்தை வாங்க ரெண்டு கையையும் நீட்டி நின்றான்.

மேளக்காரன் நிறுத்திவிட்டான். ஊர் முழுக்க ஒரே சமயத்தில் வெற்றிலை விளைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. அண்ணாச்சி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவருக்குத் தெரியும், எத்தனையோ வீட்டுக் காரியத்தில் முன்னால் நின்று சொன்னவர்தான். "எங்க வீட்டுப் பொண்ண உங்க கையில ஒப்படைக்கிறோம்" என்றார். "குத்தம் குறை இருந்தா பொறுத்துக்கிடுங்க. கண் கலங்காம பாத்துக்கிடுங்க." அதற்கு மேல் ஒன்று உண்டு, அது வரவில்லை. ஜெயசீலன் தட்டை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பாத்துக்கிடுதேன்" என்றான். மாமா என்று சொன்னானா சொல்லவில்லையா என்று ஊரில் இன்றைக்கும் ரெண்டு கட்சி உண்டு. சேர்மக்கனியை ஏற்றிக்கொண்டு வேன் புறப்படும்போது குருவம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள், அவளைப் பார்த்து வரிசையில் நிற்கிற தாய்மார் அத்தனை பேரும் அழுதார்கள், ஆகவே பார்க்கிறவர்களுக்கு அது நிஜமான கல்யாணமாகவே பட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் கோர்ட்டில் ஒரு தூக்குச்சட்டியும் இல்லை. அண்ணாச்சிக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி மூன்று நாள்தான். நாலாம் நாள் நாலு மணி பஸ்ஸில் நிற்க இடமில்லை. குருவம்மா படிக்கட்டில் தொங்கினாள், கையில் தூக்குச்சட்டி. வரிசை கலையவில்லை, இடம் மாறிவிட்டது. தாய்மார்கள் அத்தனை பேரும் தினம் நல்லமங்கலத்துக்குப் போனார்கள், அங்கே மரத்தரையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொந்தம் போல உட்கார்ந்தார்கள், அந்த ஊர்த் தாய்மாரோடு குழம்பு மாற்றிக்கொண்டார்கள்; ரெண்டு ஊருக்கும் முப்பது வருஷமாக இருந்த பகை சாளைக் குழம்பில் கரைந்து போயிற்று. பஸ்காரர்கள் இன்னொரு டிரிப் விட்டார்கள். பகவதியும் பௌர்ணமிக்குக் காத்திராமல், கோயில் என்று பொய் சொல்லாமல், தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பந்தே இல்லாமல் மகளைப் பார்க்கிறவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். தங்கப்பழம் வாத்தியாரைக்கூட ஒரு நாள் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் பார்த்தார்கள். ஊசிமேட்டில் நல்லமங்கலத்துக்குப் போகாத ஆள் என்று பார்த்தால், அண்ணாச்சியும் லூர்துமேரியும்தான்.

லூர்துமேரி பாவம், நல்ல பிள்ளை. ஊர் ஏக்கத்தில் வேளைக்கு எட்டு இட்லி தின்றாள், போர்டுக்குக் கீழே நின்று வந்த பந்தையெல்லாம் பிடித்தாள். டோர்னமெண்டில் வீரவேல் அஞ்சு மேட்ச் ஜெயித்து, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கோப்பையை வாங்கியது. அதைப் பார்க்க முப்பது பேர் இருந்தார்கள், அதில் பன்னிரண்டு பேர் ஆடினவர்கள். அண்ணாச்சி கோப்பையைத் தூக்கிக் காட்ட, காலி கேலரியில் சுண்டல் விற்கிறவன் மட்டும் கைதட்டினான். வீட்டில் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தபோது பகவதி பஸ்ஸிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. அண்ணாச்சி அதன் முன்னால் உட்கார்ந்து, இதுக்குத்தானா, இதுக்குத்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் நாள் சாயங்காலம், அஞ்சே முக்கால் மணி இருக்கும். கடையில் ஆளில்லை. அண்ணாச்சி சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முண்டா பனியனோடு ஸ்டூலில் ஏறி, மேல் தட்டில் எவர்சில்வர் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் காற்று அடித்தது. மின்விசிறி ஓடவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை சாயங்காலம் கோர்ட்டில் நின்று பார்த்தவர்! கையை மடக்கிக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் அப்படியே நின்றால் பந்து வந்த வழியே போய் அங்கே மரத்தரையில் விழும், டொப், டொப் என்று. அந்தச் சத்தத்தை அங்கே யார் கேட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்த நிமிஷத்தில், அண்ணாச்சியின் ரெண்டு கையும் முன்னால் போயிருந்தன.

நல்லமங்கலம் பளபளவென்று இருந்தது. பனியனும் ஏற்றிக் கட்டின வேட்டியுமாக, கையில் பந்தோடு, தன் ஊர்ப் பெண்டுகள் அத்தனை பேருக்கும் நடுவில் அவர் நின்றார். இந்தத் தடவை ஒருத்தரும் வானத்தைப் பார்க்கவில்லை, பார்க்க அங்கே வானமும் இல்லை, கூரைதான். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். எதிரே ஆவுடை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டோக்கனை இடுப்பில் செருகிவிட்டு, தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பன்னெண்டு நாளா டோக்கன் வாங்குதேன்" என்றாள். "வாங்கி வாங்கி வரிசையில கடைசிக்குப் போயிருவேன். நீங்க கையை நீட்டலன்னா என்ன செய்யிறதுன்னு பயமா இருந்துச்சு."

அண்ணாச்சி என்னமோ சொல்ல வந்தார். வாயைத் திறந்ததும் அவள் ஒரு உருண்டையை வைத்துவிட்டாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, உப்புக் கொஞ்சம் தூக்கல். கண்ணிலிருந்து தண்ணீர் மீசை வழியாக வாய்க்குள் இறங்கிற்று; துடைக்கக் கை இல்லை, பந்தை விட்டால் போச்சு; அவளே புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த உருண்டையை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள். ஏழு நிமிஷம் தாண்டிப் பத்தாயிற்று. பின்னால் யாரோ முணுமுணுத்ததற்கு, "வாயைப் பொத்துங்கட்டி, ஆறு வருசப் பட்டினி" என்று குருவம்மா அதட்டினாள்.

"போதுமாப்பா?" என்று கேட்டாள் ஆவுடை.

"போதாது" என்றார். ஆறு வருஷத்தில் மகளிடம் அவர் பேசின முதல் வார்த்தை.

சேர்மக்கனி பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, பந்து ஒண்ணுதான் இருக்கு. குருவம்மா பெரியம்மைக்கு இன்னும் போடல. அங்க பேச்சிமுத்தண்ணன் கையைக் கழுவிட்டு நிப்பாவ" என்றாள் மெதுவாக.

அண்ணாச்சி குருவம்மாவைப் பார்த்தார், அவள் தூக்குச்சட்டியைப் பார்த்தார். பந்தைப் பிடித்த கைகள் மரத்துப்போயிருந்தன, விரலைப் பிரிக்க முடியவில்லை. மகளிடம் திரும்பி, "மிச்சத்தை மூடி வையி" என்றார். "ஆறு இருவது பஸ்ஸுக்கு வாரேன்."

சொல்லிவிட்டுப் பந்தை விட்டார்.